ஐந்து பவுண்ட் குதிரை

அயர்லாந்தின் கார்க் நகரத்திலிருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் கில்க்ரே மடாலயம் வரும். 1465-ல் பிரான்சிஸ்கன் துறவிகளுக்காகக் கட்டியது. இப்போது கூரை கிடையாது. மொட்டைச் சுவர்கள், உள்ளே கல்லறைகள். போன ஞாயிற்றுக்கிழமை தூறலில் நனைந்தபடி ஒரு கல்லறை முன்னால் வெகுநேரம் நின்றேன். 1773 மே 4-ல் இறந்தவர், வயது 26 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. பெயர் ஆர்ட் ஓ லீரி.

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் மக்ரூம் ஊர்க்கார அக்காதான் முதலில் இவரைப் பற்றிச் சொன்னார். "ஒரு குதிரைக்காகச் செத்தார்" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன்.

எல்லாம் 1695-ல் அயர்லாந்தில் போட்ட ஒரு சட்டத்தால் வந்தது. கத்தோலிக்கர் ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால், புராட்டஸ்டண்ட் ஒருவர் ஐந்து பவுண்ட் சொச்சத்தைக் கொடுத்துவிட்டு அதை ஓட்டிக்கொண்டு போகலாம். நாட்டில் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் நாட்டிலேயே அவர்களுக்கு இந்த விதி.

குதிரையோடு நிற்கவில்லை. 1704 சட்டம் வீட்டுக்குள்ளேயே வந்தது. கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது. அப்பா இறந்தால் நிலத்தை எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரித்தாக வேண்டும். மூத்தவன் மட்டும் மதம் மாறிவிட்டால் மொத்தமும் அவனுக்கு. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவன் மாறினால், அந்த நிலத்தை விற்கும் உரிமையைக்கூட அப்பா இழந்துவிடுவார். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போவதை நம் ஊரில் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். அந்தச் சண்டையைச் சட்டம் போட்டு மூட்டிவிட்டது இங்கேதான். படித்தபோது உடம்பு கூசியது.

சரி, ஆர்ட் கதைக்கு வருகிறேன். ஐரோப்பாவுக்குப் போய் ஆஸ்திரிய ராணுவத்தில் கேப்டனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பந்தயத்தில் அவருடைய குதிரை, ஏப்ரகாம் மாரிஸ் என்ற அதிகாரியின் குதிரையை முந்தியது என்றும், மாரிஸ் ஐந்து பவுண்டை நீட்டியபோது ஆர்ட் தர மறுத்தார் என்றும் ஊர்வழக்கு. கடைசியில் கேரிகனிமா அருகே சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கு நடந்தது. அந்தச் செப்டம்பரிலேயே மாரிஸ் விடுதலை.

ஆர்ட்டின் மனைவி எய்லீன் டுவ் நி கோனல். இரண்டு பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. அவர் பாடிய ஒப்பாரிதான் இன்றுவரை இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஐரிஷ் மொழியில் 'கீனே' என்பார்கள். அவர் அதை எழுதிவைக்கவில்லை. மில்ஸ்ட்ரீட் ஊரில் ஒப்பாரி பாடுவதையே தொழிலாகக் கொண்ட நோரா என்ற பெண்ணின் வாயிலிருந்து பிற்பாடு எழுதி எடுத்தார்கள். ஒப்பாரியில், கடிவாளம் தரையில் இழுபட, ரத்தக் கறையோடு குதிரை மட்டும் வீடு திரும்புகிறது. மூன்றே பாய்ச்சல்: வாசற்படிக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று, மூன்றாவதில் எய்லீன் குதிரைமேல். போய்ப் பார்த்தால், ஒரு கிழவி தன் மேலங்கியை ஆர்ட்டின் உடல்மேல் போர்த்தியிருக்கிறாள்.

என்னை உலுக்கியது வேறொரு இடம். பிணத்தை வைத்துக்கொண்டே நாத்தனார் குத்திக்காட்டுகிறாள்: "நீ படுக்கப் போய்விட்டாய்." எய்லீன் விடவில்லை. பிள்ளைகள் தூங்காமல் அழுதார்கள், தூங்கவைக்கத்தான் போனேன் என்று பதில் பாடுகிறாள். எங்கள் பாட்டி செத்த வீட்டில் அத்தையும் அம்மாவும் இதே மாதிரி மாரடித்துக்கொண்டே மல்லுக்கு நின்றது கண்முன் வந்தது.

கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய அரசியல் தலைவர் டேனியல் ஓ கானல், எய்லீனின் சொந்த அண்ணன் மகன். 1828-ல் கிளேர் தொகுதியில் வென்றும் கத்தோலிக்கர் என்பதால் நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. மறுவருஷம் சட்டம் மாறியது. அதே கையோடு, ஓட்டுரிமைக்கான நில வரம்பை நாற்பது ஷில்லிங்கிலிருந்து (அதாவது இரண்டு பவுண்ட்) பத்து பவுண்டாக உயர்த்தி, அவருக்கு ஓட்டுப் போட்ட ஏழைக் குடியானவர்களின் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

திங்கட்கிழமை டீ நேரத்தில் அக்காவிடம் அந்த ஒப்பாரியை ஐரிஷில் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த முதல் நாலு வரிதான் நினைவில் இருந்தது. சொல்லிவிட்டு, "என் பாட்டியின் பாட்டிக்கு முழுசும் தெரிந்திருக்கும்" என்றார்.