டிஏபி மூட்டையில் தெரியும் வல்லரசுச் சண்டை

அமெரிக்காவின் பிடியை சீனாவும் இந்தியாவும் தளர்த்துமா என்ற விவாதம் வந்தால் உடனே ஜிடிபியையும் போர்க்கப்பலையும் எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். யார் எந்தக் கதவை மூட முடியும், மூடினால் யாருக்கு வலிக்கும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. காவிரி டெல்டாவில் அது கண்ணெதிரே தெரியும்.

சீனா 2021 அக்டோபரில் உர ஏற்றுமதிக்குக் கட்டாயப் பரிசோதனை கொண்டுவந்தது. பெயருக்குத் தடை இல்லை. சான்று வராமல் கப்பல் கிளம்பாது. உள்நாட்டில் உர விலை ஏறக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. மின்வாகனங்களில் வரும் எல்எஃப்பி (லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்) பேட்டரிக்கும் பாஸ்பேட் தேவைப்படுகிறது. அந்த ஆண்டிலிருந்து கதவைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருக்கிறார்கள். அங்கிருந்தும் நாம் வாங்கும் உரம் டிஏபி; மணிச்சத்தும் (பாஸ்பேட்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேர்ந்தது. இங்கே மானியத்தால் அதன் மூட்டை 1,350 ரூபாயிலேயே நிற்கிறது. அதனால் அடி விலையில் தெரியாது, தட்டுப்பாட்டில்தான் தெரியும். சம்பா நடவு நேரத்தில் சொசைட்டியில் சரக்கு இருக்காது. தனியார் கடையில் நுண்ணூட்டப் பாக்கெட்டையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள்.

டிஏபி கிடைக்காவிட்டால் மாற்று சூப்பர் பாஸ்பேட். ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து என்றால் 44 கிலோ டிஏபி போதும், ஒரு மூட்டைக்குள் முடிந்துவிடும். அதையே 16 சதவீத சூப்பர் பாஸ்பேட்டில் கொடுக்க 125 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை வேண்டும். டிஏபியோடு வரும் 8 கிலோ தழைச்சத்து இதில் கிடையாது. அதற்கு 17 கிலோ யூரியா தனியாகச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் பயிர் வெளுத்துவிட்டது என்று சூப்பரைத் திட்டுகிறார்கள். கடைசி உழவில் அடியுரமாகப் போடுங்கள். மணிச்சத்து மண்ணில் நகராது, பிறகு மேலே வீசினால் பெரும்பகுதி வீண். கந்தகம் கிடைப்பது உபரி லாபம். ஆனால் சூப்பருக்கான பாறை பாஸ்பேட்டும் பெரும்பாலும் ஜோர்டான், மொராக்கோ, எகிப்திலிருந்து வருவதுதான்.

அடுத்தது நாகை, மயிலாடுதுறைக் கரையோரத்து வனாமி இறால் குளங்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. போட்டியாளரான ஈக்வடாருக்கோ அப்போது 15 தான். ஏற்றுமதியாளர் முதலில் கை வைப்பது குளத்துக்கரை விலையில். விலை ஏறட்டும் என்று இறாலைக் குளத்திலேயே வைத்திருக்கவும் முடியாது: தீவனச் செலவு நிற்காது, வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்புத்தன்மை சரியும், வெள்ளைப்புள்ளி நோய் பயம் வேறு. சீனாவுக்கு விற்கலாமே என்பார்கள். சீனா வாங்குவது பெரும்பாலும் உரிக்காத இறால். அமெரிக்காவுக்குப் போவதில் பெரும்பகுதி உரித்துச் சுத்தம் செய்த சரக்கு, அதில்தான் காசு. போதாக்குறைக்கு வனாமியின் தாய் இறாலே 2009-இலிருந்து ஹவாய், புளோரிடா பக்கமிருந்துதான் அதிகம் வந்துகொண்டிருக்கிறது.

ஆக, விற்கும் கதவு சீனாவிடம், வாங்கும் கதவு அமெரிக்காவிடம். நாணயமும் அமெரிக்காவுடையதே: சவூதி டிஏபிக்கும் உரம் செய்ய மொராக்கோவிலிருந்து வரும் பாஸ்பாரிக் அமிலத்துக்கும் பில் டாலரில்தான். உலக மத்திய வங்கிகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 2000 வாக்கில் சுமார் 70 சதவீதம். இப்போது 60-க்குக் கீழே. கரைகிறது, ஆனால் அந்த இடத்தை யுவான் பிடிக்கவில்லை. முதலீட்டை வெளியே விட சீனா தயாராகாதவரை பிடிக்கவும் பிடிக்காது.

இந்தியாவிடமும் ஒரு கதவு உண்டு, அரிசி. உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகச் சந்தையில் விலை எகிறியது, ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் திணறின. அமெரிக்காவில் நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைக்கு அடித்துக்கொண்டதோடு சரி.