ஷெரீஃபின் மனைவியும் பக்கத்துப் பண்ணைக்காரியும்

பாஸ்டனிலிருந்து பிராவின்ஸ்டவுனுக்கு வேகப்படகில் ஒன்றரை மணி நேரம். வந்தவர்களில் பாதிப் பேர் திமிங்கிலம் பார்க்க, மீதிப் பேர் கடற்கரைக்கு. நான் போனது கமர்ஷியல் தெரு 571ஆம் எண்ணுக்கு. அங்கே ஒரு காலத்தில் கடலுக்குள் நீண்ட மரப் படகுத்துறையும் அதன்மேல் பழைய மீன் கொட்டகையும் இருந்தன. 1916 ஆகஸ்டில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல்லின் 'டிரைஃபிள்ஸ்' நாடகம் அந்தக் கொட்டகையில்தான் முதலில் மேடையேறியது. இப்போது துறையும் இல்லை, கொட்டகையும் இல்லை. கடலோரம் உட்கார்ந்து நாடகத்தை ஒருமுறை படித்தேன். ஓரங்கம்தான், அரை மணியில் முடிந்துவிடும்.

கிளாஸ்பெல் முதலில் பத்திரிகை நிருபர். 1900இல் அயோவாவில் ஒரு விவசாயி படுக்கையிலேயே கோடரியால் வெட்டப்பட்ட வழக்கைப் பற்றி எழுதியவர். நாடகத்தில் கோடரி கயிறாகிவிட்டது. ஜான் ரைட் கழுத்து இறுகிக் கிடக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த மனைவி மின்னி 'எனக்கு முழிப்பே வரலை' என்றாளாம். அவள் மேடைக்கே வருவதில்லை. ஆண்கள் மாடியிலும் தொழுவத்திலும் துப்புத் தேட, அடுக்களையில் இரண்டு பெண்கள் மட்டும்.

பக்கத்துப் பண்ணையின் திருமதி ஹேல் வாய்க்காரி. அழுக்குத் துண்டைப் பார்த்து மின்னியை மட்டம் தட்டும் அரசு வக்கீலுக்கு அங்கேயே பதில் கொடுக்கிறாள். மின்னி தாறுமாறாகத் தைத்த போர்வைத் தையலைப் பிரித்துத் திருத்தியும் விடுகிறாள். சாட்சியத்தில் கைவைப்பது அல்லவா அது! இத்தனை வருஷம் மின்னியை எட்டிப் பார்க்கவில்லையே என்ற உறுத்தல் அவளுக்கு.

ஊர்க் காவல் அதிகாரியான ஷெரீஃபின் மனைவி திருமதி பீட்டர்ஸ் 'சட்டம் சட்டம்தான்' என்கிற ரகம். தையல் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிய, கழுத்து முறிந்த கானரிக் குருவி கிடைத்ததும் தடுமாறுகிறாள். மின்னியின் குருவியைக் கொன்றது கணவன்தான், ஆண்கள் தேடும் கொலைக் காரணம் இதுதான் என்று இருவருக்கும் புரிகிறது. சின்ன வயதில் தன் பூனைக்குட்டியைக் கண்ணெதிரே வெட்டிய பையன் நினைவுக்கு வருகிறான். டகோட்டாவில் பறிகொடுத்த இரண்டு வயதுக் குழந்தையும்.

கடைசியில் பெட்டியை முதலில் தன் பைக்குள் திணிக்கப் பார்ப்பவள் இவள்தான். அது கொள்ளவில்லை. ஹேல் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள்.

முதல் மேடையேற்றத்தில் கிளாஸ்பெல் ஹேலாகத்தான் நடித்தாராம். இருவரில் என் ஓட்டு பீட்டர்ஸுக்கு. ஹேல் ஆரம்பத்திலிருந்தே மின்னி பக்கம்தானே? பீட்டர்ஸ் அன்றிரவு அதே ஷெரீஃபுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும்.