டோர்ட்முண்டில் கரண்ட் பில் கட்டுவது

ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. ஆள் வந்து மீட்டரைப் பார்த்து, அட்டையில் எழுதிவிட்டுப் போவார். எத்தனை யூனிட் ஓடியதோ அதற்குத்தான் காசு. அதிலும் முதல் 100 யூனிட் இலவசம். முதலில் கணக்கு, அப்புறம் பணம். இந்த வரிசை எனக்குள் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இங்கே முதலில் பணம், வருடம் முடிந்த பிறகுதான் கணக்கு. மாதாமாதம் ஒரு தொகையை மின் நிறுவனமே நம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் புதிதாக வந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வாடகை ஒப்பந்தம், இன்டர்நெட், கைபேசி, கரண்ட் என்று எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் கடைசிப் பக்கத்தில் ஐபேன் (IBAN) என்ற வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். DE என்று தொடங்கும் 22 இலக்க எண் அது. அதைக் கொடுத்து, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டால், நம் கணக்கிலிருந்து பணம் எடுக்க அவர்களுக்கு அனுமதி கொடுத்ததாகப் பொருள். இதைத்தான் இங்கே லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்கிறார்கள். தொகை மாதத்துக்கு மாதம் மாறலாம். அதை முடிவு செய்வது பில் போடுபவர்தான்.

வாடகைக்குப் பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு டவர்அவுஃப்ட்ராக் போதும். ஒவ்வொரு மாதமும் இன்ன தேதியில் இன்ன தொகையை இன்னாருக்கு அனுப்பு என்று வங்கிக்கு நாமே கொடுக்கும் நிரந்தர உத்தரவு அது. வாடகையை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். பெரும்பாலான சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடுவதால் இது சிக்கலில்லாமல் ஓடும். தொகை நிலையாக இருந்தால் டவர்அவுஃப்ட்ராக், மாறிக்கொண்டே இருந்தால் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் முதலில் இங்கே ஒரு கணக்கு வேண்டும். இந்திய வங்கிக் கணக்குக்கு ஐபேன் கிடையாது, ஆகவே வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கை வைத்து இங்கே எதுவும் செய்ய முடியாது. இப்போது நிலைமை பரவாயில்லை. 2016 ஜூன் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் பாசிஸ்கோன்டோ என்ற அடிப்படைக் கணக்கை வங்கிகள் மறுக்க முடியாது. அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. எண்பதுகளில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களுக்கு அப்படி ஒரு சட்டத்தின் துணை இருக்கவில்லை.

அவர்களில் ஒருவர்தான் எனக்கு இந்த விஷயத்தில் குரு. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் அறிமுகமானவர், முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருப்பவர். நான் வீடு பார்த்துவிட்டேன் என்றதும் வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னது இது: "தம்பி, சாவியை வாங்கிறதுக்கு முதல் மீட்டரைப் படமெடுத்து வையும். மீட்டர் நம்பரும் தெரிய வேணும், ஓடின கணக்கும் தெரிய வேணும். பிறகு உம்மட வாய்ப்பேச்சை இவங்கள் கேக்க மாட்டாங்கள், கடதாசியைத்தான் கேப்பாங்கள்."

சாவி கைமாறும்போது வீட்டுக்காரரும் நாமும் கையெழுத்துப் போடும் பத்திரத்திலும் மீட்டரில் அன்று ஓடியிருந்த எண்ணை எழுதச் சொன்னார். அதன் மதிப்பு முதல் வருடக் கணக்கு வந்தபோது தெரிந்தது. எனக்கு மின்சாரம் தந்த நிறுவனம் (பெயர் வேண்டாம்) நான் குடிவந்த அன்றைய எண்ணைத் தானாகவே ஒரு மதிப்பீட்டில் போட்டிருந்தது. உண்மையான எண் அதைவிட அதிகம். அதாவது எனக்கு முன்னால் இருந்தவர் எரித்த கரண்டில் ஒரு பங்கு என் தலையில் விழுந்திருந்தது. படத்தையும் பத்திரத்தையும் இணைத்து அனுப்பினேன். பதில் வரத்தான் நாளானது, ஆனால் கணக்கைத் திருத்தினார்கள்.

குடிவந்த அன்று சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். யாருடனும் ஒப்பந்தம் போடாவிட்டாலும் எரியும். அந்தப் பகுதியில் அதிக வீடுகளுக்கு மின்சாரம் தரும் நிறுவனம் எதுவோ, அதனுடன் தானாகவே ஒப்பந்தம் ஏற்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். விலை பெரும்பாலும் கூடுதல்தான், ஆனால் இரண்டு வார அறிவிப்பில் விலகிவிடலாம். முதல் நாளிலிருந்தே மலிவான நிறுவனம் வேண்டும் என்பவர்கள் குடியேறுவதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும். பழைய பதிவுகளை இணையத்தில் படித்துவிட்டு, வந்த பிறகு பின்தேதியிட்டுப் பதிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2025 ஜூனிலிருந்து அது நடக்காது.

அடுத்தது அப்ஷ்லாக், அதாவது மாதத் தவணை. உண்மையில் நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. போன வருடம் எவ்வளவு ஓடியது, அது தெரியாவிட்டால் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து ஒரு குத்துமதிப்புப் போடுவார்கள். உதாரணமாக வருடத்துக்கு 2,400 யூனிட், யூனிட் 35 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 840 யூரோ வருகிறது. மீட்டருக்கும் இணைப்புக்கும் மாதம் 10 யூரோ நிலைக்கட்டணம் சேர்த்தால் 960. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 80 யூரோ. வருடக் கடைசியில் மீட்டர் எண்ணைக் கேட்பார்கள், நாமே படித்து இணையத்தில் போட வேண்டும். குறைவாக எரித்திருந்தால் மீதி திரும்ப வரும். கூடுதலாக எரித்திருந்தால் வித்தியாசத்தை ஒரே மூச்சில் எடுப்பார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கில் போதுமான பணம் இல்லாவிட்டால், டிஸ்போ, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் வசதி, இருப்பவர்களுக்கு வங்கி கடனாகக் கொடுத்துவிட்டு வட்டி போடும். அந்த வட்டி வருடத்துக்குப் பத்து சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். டிஸ்போ இல்லையென்றால் பணம் திரும்பிவிடும், அதற்கொரு கட்டணத்தை மின் நிறுவனம் நம்மிடம் கேட்கும். சமையலுக்கு மின் அடுப்பு, பாத்ரூமில் மின்சார வாட்டர் ஹீட்டர் என்று இருக்கும் வீட்டில் முதல் வருடத் தவணையைக் கொஞ்சம் கூட்டியே வைப்பது நல்லது. தோசையும் இட்லியும் குழம்பும் தினமும் செய்கிற வீட்டுக்கும், ராத்திரி ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுப் படுக்கிற வீட்டுக்கும் அதே மதிப்பீட்டைத்தான் போடுகிறார்கள்!

தானாகப் பணம் போவதால் பில்லைப் படிக்கும் பழக்கமே போய்விடுகிறது என்பது எனக்கு 2022-இல்தான் நன்றாகப் புரிந்தது. ரஷ்ய எரிவாயு நின்று விலை ஏறிய காலம். தவணையை உயர்த்துகிறோம் என்று எல்லோருக்கும் கடிதம் வந்தது. எங்கள் கட்டடத்தில் சிலர் அதைப் பிரிக்கவேயில்லை. வங்கிக் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த டிசம்பர் மாத எரிவாயுத் தவணையை அரசே ஏற்றது. அடுத்த வருடம் வீட்டு மின்சாரத்துக்கு, மதிப்பிட்ட பயன்பாட்டில் 80 சதவீதம் வரை யூனிட்டுக்கு 40 சென்ட் என்று வரம்பு வைத்தார்கள். விலை உயர்த்தும்போது ஒப்பந்தத்தை உடனே முறித்துக்கொள்ளும் உரிமை நமக்குண்டு என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அப்படிப்பட்ட கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி என்ன பயன்?

இவ்வளவு சொன்ன பிறகும் நான் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் பக்கம்தான். காரணம், எடுத்த பணத்தைத் திரும்ப வாங்கும் வழி. ஐரோப்பாவுக்குப் பொதுவான இந்த முறையில், எடுத்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் வங்கியிடம் திருப்பிக் கேட்கலாம். நாம் அனுமதியே கொடுக்காமல் யாராவது எடுத்திருந்தால் 13 மாதம் வரை அவகாசம் உண்டு. பல வங்கிச் செயலிகளில் பணம் எடுத்ததைக் காட்டும் பதிவைத் தொட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒப்பந்தத்தை முறைப்படி ரத்து செய்து, உறுதிக் கடிதமும் வந்த பிறகு ஓர் உடற்பயிற்சிக் கூடம் என் கணக்கிலிருந்து தொடர்ந்து பணம் எடுத்தது. தொலைபேசியில் மாறி மாறிக் காக்க வைத்தார்கள். சரி என்று செயலியில் திருப்பிக் கேட்டேன், பணம் வந்துவிட்டது. நாமே முன்வந்து அனுப்பிய பணத்தை இப்படி இழுக்க முடியாது. அதனால், அனுமதி கொடுத்தால் நம் பிடி நழுவும் என்ற பயத்தில் ஒவ்வொரு பில்லையும் கையால் கட்டுகிறவர், உண்மையில் இருக்கிற பிடியைத்தான் விடுகிறார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணம் திரும்பி வந்துவிட்டதால் கடன் தீர்ந்துவிடாது. நியாயமான பில்லைக் கோபத்தில் திருப்பினால் அபராதக் கட்டணமும் எச்சரிக்கைக் கடிதமும் வரும், அதற்குப் பிறகு வசூல் நிறுவனம் வரும்.

வானொலி, தொலைக்காட்சிக்கான ருண்ட்ஃபுங்க்பைட்ராக் என்ற கட்டணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. வீட்டில் டிவி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், எத்தனை பேர் இருந்தாலும். அறை நண்பர்கள் நான்கு பேரில் ஒருவர் கட்டினால் மற்றவர்கள் அவருடைய கட்டணப் பதிவு எண்ணைக் கொடுத்து விலக்கு வாங்கலாம். முகவரிப் பதிவு செய்த பிறகு கடிதம் தானாக வரும். கண்டுகொள்ளாமல் விட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் செய்யும் செலவு எல்லாம் பெரும்பாலும் நேபன்கோஸ்டன் என்று வாடகையோடு சேர்ந்து வீட்டுக்காரருக்குப் போகும். அதுவும் முன்பணம்தான். அதன் கணக்கைக் கொடுக்க வீட்டுக்காரருக்குக் கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதம் வரை அவகாசம் உண்டு. 2023 நடுவில் வீட்டைக் காலி செய்தவருக்கு 2024 டிசம்பர் கடைசியில் கூட கணக்கு வரலாம்.

ஊர் திரும்புகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முதல் வாரம் வங்கிக் கணக்கையும் மூடிவிடுகிறார்கள். மின் நிறுவனத்தின் இறுதிக் கணக்கு வர ஆறு வாரம் வரை ஆகும். முன்பணமாகக் கட்டிய டெபாசிட்டையும் வீட்டுக்காரர் உடனே தருவதில்லை. கோயம்புத்தூருக்குத் திரும்பிய நண்பர் ஒருவருக்கு நேபன்கோஸ்டனில் மீதி வந்தது. அவருக்கு இங்கே ஐபேன் இல்லை, இந்தியாவுக்கு அனுப்ப வீட்டுக்காரருக்கு மனமில்லை. கடைசியில் ஓர் அதிகாரக் கடிதம் எழுதி வாங்கி, என் கணக்குக்கு வரவைத்து, நான் ரூபாயாக அனுப்பினேன். இப்போது யாராவது கிளம்புகிறேன் என்றால் கணக்கை ஒரு வருடமாவது திறந்து வைக்கச் சொல்கிறேன். வங்கிக்கு இந்திய முகவரியைக் கொடுக்க வேண்டும், பணப் பரிமாற்றத்தை உறுதி செய்யும் வங்கிச் செயலி இந்திய சிம் போட்ட கைபேசியில் வேலை செய்கிறதா என்று இங்கே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். மாதக் கட்டணமில்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.