பாலித்தீன் படலத்தில் கைட்டோசானை நிலைக்க வைத்த அனுபவம்

உணவுப் பொருள்களைச் சுற்றும் பாலித்தீன் படலத்தின் மேல் கைட்டோசானை உரியாமல் ஒட்டவைத்து, அதைக் கிருமிகளை எதிர்க்கும் உறையாக மாற்றுவதே புதுச்சேரியில் நான் செய்த முனைவர் பட்ட ஆய்வின் பெரும்பகுதி. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் பொருள் கைட்டோசான். நான் கடலூர் துறைமுகப் பகுதியைச் சேர்ந்தவன், அந்த ஓடுகள் கூடை கூடையாக வீணாவதைப் பார்த்து வளர்ந்தவன் என்று அறிந்த நெறியாளர், “இறாலின் ஓடே இறாலைப் பொதியும் உறையைக் காக்கட்டுமே” என்று சொல்லித்தான் இத்தலைப்பைத் தந்தார்.

பாலித்தீனின் பரப்பில் கார்பனும் ஹைட்ரஜனும் அன்றி வேறொன்றும் இல்லாததால், நீர்த்துளி அதன் மேல் ஏறத்தாழ நூறு பாகைத் தொடுகோணத்தில் (துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணம்; துளி பரவப் பரவ இது குறையும்) உருண்டு நிற்கும். ஒரு விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசானைப் பூசினாலும் சேம்பிலைத் தண்ணீர்தான். காய்ந்தபின் நகம் பட்டாலே செதிலாக உரிந்து வந்துவிடும். இதற்கு நாங்கள் கையாண்ட வழி பிளாஸ்மா. குறைந்த அழுத்தத்தில் வாயுவை மின்னிறக்கத்துக்கு உட்படுத்தினால் அது ஒளிரும் பிளாஸ்மாவாகிறது; அதிலுள்ள எலெக்ட்ரான்களும் அயனிகளும் புறஊதா ஒளியும் பரப்பிலுள்ள பிணைப்புகளை உடைக்கின்றன. உடைந்த இடங்களில் ஆக்சிஜன் சேர்ந்து ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் தொகுதிகள் உருவாகின்றன; கைட்டோசானுக்குப் பிடிப்புத் தருபவை இவையே. இந்த மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே முடிந்துவிடுவதால் படலத்தின் வலிமையும் ஒளி ஊடுருவும் தன்மையும் கெடுவதில்லை. இம்முறையின் மேல் எனக்கு மதிப்பு வரக் காரணம் இதுதான்.

பிளாஸ்மா உண்டாகும் வெற்றிடக் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒளியின் நிறமே பாதி சொல்லிவிடும். ஆர்கானை மட்டும் செலுத்தும்போது கண்ணாடிச் சாளரத்தில் ஊதா நிறம் சீராகத் தெரியும். அதில் இளஞ்சிவப்புச் சாயல் கலந்தால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். அப்போது மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, பஞ்சில்லாத துணியால் துடைத்து, வெற்றிடக் கிரீசை மெல்லியதாகத் தடவி மீண்டும் பொருத்துவோம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடற்கரை ஈரம் வேறு வகையில் தொல்லை தந்தது. கலத்தைத் திறக்கும்போதெல்லாம் உட்சுவரில் நீராவி படிந்துகொள்வதால், பம்பு நெடுநேரம் ஓடியும் அழுத்தம் இறங்காது. அறைக்காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜனை விட்டுத் திறக்கத் தொடங்கிய பிறகே வேலை சீரானது.

பிளாஸ்மா படும் நேரத்தைக் கூட்டினால் பூச்சு மேலும் உறுதிப்படும் என்று பலரும் எதிர்பார்ப்பார்கள், உண்மை அப்படியில்லை. அளவுக்கு மீறிய பிளாஸ்மா பாலித்தீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டாக்கி, பரப்பின் மேல் தளர்வான சிறு துணுக்குகளை விட்டுவைக்கும். தொடுகோணம் அழகாகக் குறைந்திருக்கும், ஆனால் கைட்டோசான் ஒட்டியிருப்பது படலத்தில் அல்ல, அந்தத் துணுக்குகளில். ஆகவே, பதப்படுத்திய படலத்தை எத்தனாலில் அலசிய பின் எடுத்த தொடுகோணத்தையே நான் நம்பினேன்.

இதைவிட முக்கியமானது, பிளாஸ்மாவுக்கும் பூச்சுக்கும் இடைப்பட்ட நேரம். புதிதாக உண்டான தொகுதிகள் பரப்பிலேயே நிலைத்து நிற்பதில்லை. பாலித்தீன் சங்கிலிகள் மெல்லப் புரண்டு அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ள, தொடுகோணம் நாளுக்கு நாள் மீண்டும் ஏறுகிறது. காலையில் பதப்படுத்திய படலத்தை மறுநாளுக்கு ஒத்திவைத்தால், முந்தைய நாளின் அளவீட்டுக்கு மதிப்பில்லை. கைட்டோசான் கரைசலை முன்பே வடிகட்டித் தயாராக வைத்து, கலத்திலிருந்து எடுத்தவுடன் படலத்தை அதில் அமிழ்த்துவதே எங்கள் நடைமுறையாயிற்று.

கிருமிச் சோதனையில் முதலில் பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் படலத்துண்டை வைத்தபோது, சுற்றிலும் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் எதுவும் தோன்றவில்லை. நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர் பார்த்துவிட்டு, “இறுகப் பிணைந்த பொருள் அகாருக்குள் பரவாதப்பா, வளையத்தைத் தேடாதே” என்றார். அவர் காட்டிய வழி ஐஎஸ்ஓ 22196 என்னும் பன்னாட்டுத் தரமுறை: பாக்டீரியாக் கரைசலைப் பூச்சின் மேல் நேரடியாக விட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 35 பாகை செல்சியசில் 24 மணி நேரம் ஈரப்பதத்தோடு வைத்து, எஞ்சிய உயிருள்ள செல்களைக் கழுவி எடுத்து எண்ண வேண்டும். சோதனைக்கு முன் மாதிரிகளைக் கிருமிநீக்க ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைக்க வழியில்லை. 121 பாகையில் இந்த வகைப் பாலித்தீன் உருகிவிடும். எழுபது விழுக்காடு எத்தனாலால் துடைத்து, தூய காற்றோட்டப் பெட்டிக்குள் உலர்த்தினோம்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, பாக்டீரியாவைக் குறைத்தது பிளாஸ்மாவா, கைட்டோசானா என்பதே. வெறும் படலம், பிளாஸ்மா மட்டும் பட்ட படலம், பிளாஸ்மா இன்றிக் கைட்டோசான் பூசியது, இரண்டும் சேர்ந்தது என நான்கையும் ஒரே நாளில், ஒரே பாக்டீரியா வளர்ப்பிலிருந்து, நீரில் அலசுவதற்கு முன்னும் பின்னும் சோதித்த அட்டவணை என்னிடம் இருந்தது. பிளாஸ்மா மட்டும் பட்ட படலத்தில் செல்களின் எண்ணிக்கை வெறும் படலத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. பிளாஸ்மா இன்றிப் பூசியது அலசியதும் தன் ஆற்றலை இழந்தது. இரண்டும் சேர்ந்தது அலசிய பிறகும் தாக்குப்பிடித்தது. அவர் அட்டவணையை இருமுறை படித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனார்.