கட்டிலோரம் போகும் லேப்டாப்

2010 ஜூனில் அமெரிக்காவில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் 'ஹாஸ்பிஸ் ஆஃப் நார்த் ஐடஹோ' அமைப்பின் லேப்டாப் ஒன்று திருடுபோனது. உள்ளே 441 நோயாளிகளின் விவரங்கள், குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல். 2013 ஜனவரியில் அறிவித்த சமரசப்படி அந்த அமைப்பு 50,000 டாலர் கட்டியது. 500 பேருக்கும் குறைவானோரின் தகவல் போனதற்காக அந்நாட்டுச் சுகாதாரத் துறை செய்துகொண்ட முதல் சமரசம் அதுதான். சின்ன இடம், நம்மை யார் சீண்டப்போகிறார்கள் என்ற நினைப்பு அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை.

இறுதிக்காலப் பராமரிப்பு வேலை பெரும்பாலும் நோயாளியின் வீட்டில் நடக்கிறது. சர்வர் அறைக்குப் போட்ட பூட்டு அங்கே உதவாது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் வட்டு முழுவதையும் குறியாக்கும் பிட்லாக்கரை முடுக்கி, மீட்புச் சாவியை அலுவலகத்தில் வைக்க வேண்டும். அதை அச்சடித்து லேப்டாப் பைக்குள்ளேயே செருகி வைப்பது நடக்கிற கூத்துதான். மூடியை மட்டும் சாத்தினால் கணினி உறங்கும். குறியாக்கத்தைத் திறக்கும் சாவி நினைவகத்திலேயே கிடக்கும். அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்முன் ஷட்டவுன் செய்வதே சரி. தொலைவிலிருந்து அழிக்கும் வசதியை நம்பி இதை விடக்கூடாது. திருடியவன் இணையத்தில் இணைத்தால்தான் அது வேலை செய்யும்.

போன் இன்னும் மோசம். படுக்கைப் புண்ணைச் செவிலியர் தன் போனில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் அழித்தாலும் கேலரியில் இருக்கும். தானியங்கிச் சேமிப்பு போட்டிருந்தால் கூகுள் போட்டோஸுக்கும் ஏறி, அந்தக் கணக்கைப் பகிரும் வீட்டார் கண்ணிலும் படும். அமைப்பின் போன் ஒன்றைத் தருவதைவிட மலிவான வழி இதற்கு இல்லை.

தகவல் கசிவதைவிடத் தகவல் கிடைக்காமல் போவதுதான் இங்கே கொடுமை. 2021 மே 14 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியதும் அயர்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு தன் கணினிகள் எல்லாவற்றையும் நிறுத்தியது. அப்படியொரு இரவில், வலி மருந்தான மார்ஃபினை 24 மணி நேரத்துக்கு மெல்லச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்போடு ஒருவர் படுத்திருந்தால், செவிலியர் கையில் என்ன இருக்கும்? ஆளுக்கு ஒரு தாள் போதும்: மருந்து, 24 மணி நேர அளவு, திடீர் வலிக்கான கூடுதல் டோஸ், கடைசியாகக் கொடுத்த நேரம், ஒவ்வாமை, சிறுநீரக நிலை, மருத்துவரின் எண். (சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மார்ஃபின் கழிவுகள் உடலில் தேங்கும், அந்த வரியை விட்டுவிடக்கூடாது.) பணி மாறும்போதெல்லாம் அச்சடிக்க வேண்டும். பழைய தாளும் திருடுபோகக்கூடிய ஆவணம்தான். கிழித்துப்போடலாம், ஆனால் புதுத் தாள் கைக்கு வந்த பிறகு.