கம்பெனி மெயிலைப் புது சர்வருக்கு மாற்றும்போது

திருப்பூரில் நடுத்தரமான ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸ் என்றால் இருபது முப்பது மெயில் கணக்கு இருக்கும். அவற்றை வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோவதில் மெயிலை நகர்த்துவது சின்ன வேலை. காலை வாருவதெல்லாம் மெயில்பெட்டிக்கு வெளியே இருப்பவை.

முதலில் டொமைனின் நேம்சர்வர் (அந்தப் பெயருக்கான விலாசப் பட்டியலான டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் சர்வர்) யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஹோஸ்டிங்காரருடையது என்றால், அந்தக் கணக்கை நிறுத்தும்போது டிஎன்எஸ்ஸும் சேர்ந்து போகும். எல்லா ரெக்கார்டையும் நகலெடுத்து, டொமைன் வாங்கிய இடத்துக்கு மாற்றிய பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டியது: ஐமேப்பா (மெயில் சர்வரிலேயே இருக்கும்), பாப்-ஆ (மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும்)? பாப் என்றால் சர்வரில் பழைய மெயில் இல்லாமலே போகலாம். மெர்ச்சண்டைசரின் ஹார்ட் டிஸ்கில் அவுட்லுக்கின் ஒரே பிஎஸ்டி சேமிப்பு ஃபைலாகக் கிடக்கும். முதல் நகல் அதற்குத்தான். சர்வரிலும் ஒரு பிரதி வைக்கச் சொல்லி டிக் போட்டிருந்தால் வேறு தொல்லை. மெயில்களின் அடையாள எண் புது சர்வரில் மாறிவிடுவதால், அவுட்லுக் அத்தனையையும் புதிதென்று நினைத்து மறுபடி இறக்கும்.

நகர்த்த, ஒரு ஐமேப் பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மெயிலை நகலெடுக்கும் இமாப்சிங்க் என்ற புரோகிராம் போதும். எத்தனை முறை ஓட்டினாலும், போய்ச் சேர்ந்ததை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கும். அதனால் ஒரு வாரம் முன்பே முதல் சுற்றை ஓட்டலாம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்குத்தான் வரும். சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றில் ஓட்டுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸுக்குப் போவதென்றால் ஐமேப் வழியாக ஒரு கணக்குக்கு நாளைக்கு 500 எம்பிதான் ஏற்றலாம்; 10 ஜிபி பெட்டிக்கு இருபது நாள். அங்கே கூகுளின் சொந்த மைக்ரேஷன் கருவிதான் சரி.

டிஎன்எஸ் ரெக்கார்டை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் பெரும்பாலும் 14400 நொடி இருக்கும். ஒரு நாள் முன்னதாக அதை 300 ஆக்குங்கள். எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு) மாற்றச் சனிக்கிழமை ராத்திரி நல்ல நேரம்: ஐரோப்பிய பையர்களுக்கு லீவு, நமக்கும் மறுநாள் ஆபீஸ் இல்லை.

அன்று புது சர்வர் கொஞ்ச நேரம் படுத்தாலும் பயமில்லை. அனுப்பும் சர்வர்கள் சில நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் சர்வர் எழுந்து நின்று ‘அப்படி ஒரு முகவரியே இல்லை’ என்று 550 சொன்னால், மெயில் அந்த நொடியே பையரிடம் திரும்பிப் போகும். இமாப்சிங்க் ஃபார்வேர்டர்களையும் (வேறு முகவரிக்குத் தள்ளிவிடுபவை) ஏலியாஸ்களையும் (ஒரே பெட்டியின் மாற்றுப் பெயர்கள்) கொண்டுபோகாது. அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் என்று ஆளில்லாத முகவரிகளை முன்னாடியே கையால் உருவாக்கியாக வேண்டும்.

உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் எல்லோரும் செய்யும் தப்பு, பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போடுவது. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இரு சர்வரையும் சேருங்கள். அதைச் சரிபார்க்க நடக்கும் டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக்கூடாது. மெயிலில் டிஜிட்டல் கையெழுத்திடும் டிகேஐஎம் அப்படியில்லை, செலக்டர் (சாவியின் பெயர்) வேறாக இருந்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கலாம். 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும் என்பதால், சில டிஎன்எஸ் பேனல்களில் துண்டாக்கித்தான் ஒட்ட முடியும்.

பிறகு, ‘எல்லாருதும் வருதுங்க, அந்த டையிங் கம்பெனிக்காரரோட மெயில் மட்டும் வரலீங்க’ என்று போன் வரும். அவர்களும் அதே பழைய ஹோஸ்டிங்கில் இருப்பார்கள். அந்த சர்வர் எம்எக்ஸைப் பார்க்காமல், உங்கள் டொமைன் தன்னிடமே இருப்பதாக நினைத்துப் பழைய பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கும். பழைய ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் மெயில் ரூட்டிங்கை ‘ரிமோட்’ ஆக்கிவிட்டு, இமாப்சிங்க்கை இன்னொரு முறை ஓட்டினால் சிக்கியவை வந்துவிடும். இதற்காகவே பழைய கணக்கை இரண்டு மூன்று வாரம் உயிரோடு வைக்க வேண்டும்.

மூலையில் இருக்கும் ஸ்கேனரையும் மறக்காதீர்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பழைய மெஷின்கள் பலவற்றுக்கு டிஎல்எஸ் 1.2 என்ற குறியாக்கம் தெரியாது, புது சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மெயிலை வாங்கிப் புது சர்வருக்குக் கடத்தும் ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் ரிலே வைத்து, ஸ்கேனரை அதற்குத் திருப்பிவிட்டால் ஓடும்.