சிவப்புப் புள்ளி

நேற்று ஒரு ஆர்ட் கேலரியில் ஓவியங்களைவிடப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் புள்ளிகளைத்தான் அதிகம் பார்த்தேன். முழுப் புள்ளி என்றால் விற்றாயிற்று. பாதிப் புள்ளி என்றால் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். விலை பெரும்பாலும் சுவரில் இருக்காது, மேஜையில் கேட்டால் தாள் தருவார்கள். விற்ற பணத்தில் பல இடங்களில் பாதி கேலரிக்கு. பாதியா என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான்.

அப்புறம் கேலரி நடத்திய இர்விங் ப்ளம் நினைவுக்கு வந்தார். 1962-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹாலின் 32 சூப் டப்பா ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். விற்றது சிலதான். அவற்றையும் வாங்கியவர்களிடம் பேசித் திரும்பப் பெற்று, மொத்தத்தையும் 1,000 டாலருக்குத் தவணையில் தானே வாங்கிக்கொண்டார். சேர்ந்தே இருக்கட்டும் என்று! இன்று அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்.

நேற்று எனக்குப் பிடித்த படத்துக்குப் புள்ளியே இல்லை.